பிரேக்கின் ஓசையும் நம் அங்கத்தினரின் செவியும்

தறியையும் நிலத்தையும் பற்றிப் பேசும் இவ்விதழில் மோட்டார் வண்டியின் பிரேக்கைப் பற்றி எழுதப் புகுந்தது எதற்காக என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். விடை எளிது. பாவுக்கு வேண்டிய நூல் சிப்பம் தறிக்கு வந்து சேர்வதும், நெய்து முடித்த சேலையும் கைலியும் கிடங்குக்குச் செல்வதும், மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துக் கீரையும் காயும் பொழுது விடியுமுன் நகரத்துக்குள் நுழைவதும் இந்நாளில் சிறு சுமை வண்டியினாலேயே நடைபெறுகின்றன. 2005-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் ஏஸ் என்னும் வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. மக்கள் அதற்குக் குட்டியானை என்று பெயர் சூட்டினர். 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திராவின் பிக்கப் வண்டிகளும் பெருகின. தண்டையார்பேட்டையில் மாலை வேளையில் எந்தக் குறுக்குத் தெருவில் நுழைந்தாலும் வீட்டு வாசலில் இவற்றுள் ஒன்று நிற்கக் காணலாம். பெரும்பாலும் தவணைக்கு வாங்கிய வண்டி. அது ஒரு நாள் நின்றால் அன்றைய வாடகை போயிற்று.

அவ்வண்டி ஒரு நாள் பிரேக் மிதிக்கும்போது கிறீச்சிடுகிறது. அல்லது கரகரவென்று உரசுகிறது. அப்பொழுது நம்மிற் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஒரு சாரார், இன்னும் இரண்டு நடை போய்விட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று பாட்டுப் பெட்டியின் ஒலியைக் கூட்டிவிடுகின்றனர். மற்றொரு சாரார் நேரே பட்டறைக்குப் போய், "பிரேக்கில் சத்தம் வருகிறது" என்ற ஒரே சொற்றொடரை மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் எழுதிக்கொடுக்கும் சாமான்களையெல்லாம் வாங்கித் தருகின்றனர். முன்னவர் உயிரைப் பணயம் வைக்கிறார். பின்னவர் பணத்தை இழக்கிறார், சில சமயம் பணத்தையும் இழந்து ஓசையோடேயே திரும்புகிறார். இருவரும் செய்யத் தவறியது ஒன்றே: வண்டி என்ன சொல்கிறது என்று நின்று கேட்கவில்லை.

பழுது பார்ப்பது பட்டறையின் வேலை. அதில் நமக்குத் தடையில்லை. ஆனால் ஓசை எந்தச் சக்கரத்திலிருந்து, எந்த வேளையில், எத்தகையதாய் எழுகிறது என்று கண்டறிவதும், அன்று வண்டியை ஓட்டலாமா கூடாதா என்று தீர்மானிப்பதும் வண்டிக்கு உரியவரின் வேலை. அதை வீட்டு வாசலிலேயே செய்ய இயலும், செய்யவும் வேண்டும். அவ்விதம் தீர்மானித்து வண்டியை நிறுத்தியவருக்கு நஷ்டம் நேராதபடி பார்த்துக்கொள்வது சங்கத்தின் வேலை. இதுவே நமது அபிப்பிராயம்.

செவியால் பழுதறிவது நம் அங்கத்தினருக்குப் புதிய வித்தையன்று. தறியில் அமர்ந்தவர் நாடா பெட்டியில் மோதும் ஓசை சற்றே மாறியதும் மிதியை நிறுத்திவிடுகிறார். இழை அறுந்ததையோ விழுது சிக்கியதையோ கண் பிறகுதான் காண்கிறது. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராயிருந்த ஜோசப் காலெட்டின் காலத்தில் நெசவாளரைக் குடியேற்றி அமைத்த காலட்பேட்டையைத்தான் நாம் இன்று காலடிப்பேட்டை என்கிறோம். தண்டையார்பேட்டையிலிருந்து கூப்பிடு தூரம். அவ்வளவு காலமாக இம்மண்ணில் ஓசை கேட்டு வேலை செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள். தோட்டக்காரரோ பம்புசெட்டின் ஒலி மெலிந்தால் கிணற்றில் நீர் இறங்கிவிட்டதா, புட்வால்வு காற்று இழுக்கிறதா என்பதை வரப்பில் நின்றபடியே சொல்லிவிடுவார். அதே செவியை வண்டியின்பால் திருப்பும்படியே கேட்கிறோம்.

இதை இத்தனை வலியுறுத்திச் சொல்வதற்கு நம் வட்டாரத்தின் சாலைகளே காரணம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் வண்டி ஓட்டுபவருக்கு விளக்க வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகத்துக்கும், 2001 முதல் இயங்கும் எண்ணூரின் காமராசர் துறைமுகத்துக்கும் செல்லும் கண்டெய்னர் டிரெய்லர்கள் முன்னும் பின்னும் நெருங்கி நிற்க, நடுவில் நம் குட்டியானை ஊர்கிறது. பத்தடி போவதும் நிற்பதும், மீண்டும் பத்தடி போவதும் நிற்பதுமாக ஒரு காலைப் பொழுதில் எத்தனை முறை பிரேக்கை மிதிக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பவர் இல்லை. நெடுந்தூரம் சீராக ஓடும் வண்டியைவிட இப்படி ஊரும் வண்டிக்கே பிரேக் விரைவில் தேய்கிறது. பிறகு நடு இரவில் சாலை காலியானதும் வேகம் பிடிக்கிறோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓடும் வண்டியை நிறுத்தப் பிரேக் விழுங்க வேண்டிய சக்தியைப்போல் இரண்டேகால் மடங்கு 60 கிலோமீட்டரில் வேண்டியிருக்கிறது. வேகம் ஒன்றரை மடங்குதான், சக்தியோ வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது. முக்கால் டன்னுக்கென்று செய்த வண்டியில் ஒன்றேகால் டன் ஏற்றினால் கணக்கு இன்னும் மோசமாகிறது. ஏற்றுபவர்கள் யார் என்று நாம் பெயர் சொல்லப்போவதில்லை, படிப்பவர்களுக்குத் தெரியும்.

தகுதிச் சான்று, அதாவது டிரைவர்கள் சொல்லும் எஃப்.சி., இருக்கிறதே என்பார்கள். புதிய வண்டிக்கு இரண்டு ஆண்டும், பின்னர் எட்டு ஆண்டு நிறையும் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன்மேல் ஆண்டுக்கு ஒரு முறையும் என்பது விதி. சோதனை அன்று நன்றாயிருந்த பிரேக், தண்டையார்பேட்டைச் சாலையில் அடுத்த சோதனை வரை அப்படியே இருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. சான்று சோதனை நாளைப் பற்றியது. ஓசை இன்றைய நாளைப் பற்றியது.

ஓசைகளைப் பகுத்தறியுமுன் பிரேக்கின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்வது நலம். நம் சிறு சுமை வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின் சக்கரங்களில் டிரம் பிரேக்கும் இருக்கின்றன. முன்னே சுழலும் இரும்புத் தட்டை இரு புறமும் இரண்டு பேடுகள் கவ்விப் பிடிக்கின்றன. பின்னே இரும்புப் பானைக்குள் இரண்டு ஷூக்கள் விரிந்து உரசுகின்றன. உரசும் பொருளை நம் பட்டறைகளில் லைனிங் என்றும் லைனர் என்றும் சொல்கிறார்கள். தேய வேண்டியது லைனிங். தேயாமல் இருக்க வேண்டியது இரும்பு. இந்த ஏற்பாடு தலைகீழாகும்போதுதான் அபாயம் பிறக்கிறது.

இங்கே நெசவாளர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், மலைச் சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் பழைய செருப்புகளைத் தடைக்கட்டையில் வைத்து அடித்திருந்ததைக் கண்டு, அதைவிட நல்ல பொருள் தேடினார். 1897-இல் தொழில் தொடங்கிய அவர் கையாண்ட பொருள்களுள் ஒன்று பசையூட்டிய பருத்தி நெசவுப் பட்டை. மோட்டார் வண்டியின் தடைக்கு முதலில் உதவியவற்றுள் தறியில் நெய்த துணியும் ஒன்று என்பது இதனால் பெறப்படும். அதே நாட்டில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவர் செம்பைப் பேடாக வைத்தார்; உலோகத்தோடு உலோகம் உரசி எழுந்த கூச்சல் கேட்பவர் காதைத் துளைத்ததாம். பின்னர் ஃப்ரூட் அதற்குக் கல்நார் லைனிங் வைத்துக் கூச்சலை அடக்கினார். ஆகவே பிரேக் ஓசை என்னும் வழக்கு டிஸ்க் பிரேக்கோடு உடன்பிறந்தது.

நிற்க. வீட்டுச் சோதனைக்கு வருவோம்.

முதலில் சக்கரத்து நட்டுகள் இறுகியிருக்கின்றனவா என்று ஸ்பானர் வைத்துப் பார்க்க வேண்டும். பிரேக்கைச் சந்தேகிக்குமுன் இதைச் செய்வது கட்டாயம். தளர்ந்த நட்டும் பிரேக் மிதிக்கும்போது டக்கென்று ஓசை தரும், அதன் முடிவு மிகக் கொடியது. அடுத்து, ஓசை உண்மையில் பிரேக்குக்கு உரியதுதானா என்று தெளிய வேண்டும். சந்தடியில்லாத காலை வேளையில், சமதரையான ஓரிடத்தில், நடக்கும் வேகத்தில் வண்டியை விட்டுப் பார்க்கலாம். கண்ணாடிகளை இறக்கிவிட்டு நீண்ட மதிலை ஒட்டி ஓட்டினால், மதில் ஓசையைத் திருப்பித் தரும். இடப்பக்கமா வலப்பக்கமா என்பது தெரிந்துவிடும். இன்னொருவர் வெளியே நடந்துவந்து கேட்டால் முன் சக்கரமா பின் சக்கரமா என்பதும் தெரியும். வீட்டிலுள்ள பெண்மக்களின் செவி இதற்குச் சாலச் சிறந்தது. நாள்தோறும் ஓட்டிப் பழகிய டிரைவரின் செவி ஓசைக்கு மரத்துப் போயிருக்கும்.

மிதிக்கும்போது மட்டும் வருகிறதா, மிதியாதபோதும் வருகிறதா என்பதே முதல் வினா. மிதித்தாலும் மிதியாவிட்டாலும் ஒரே மாதிரி உறுமிக்கொண்டு, வளைவில் திரும்புகையில் ஏறி இறங்கினால் அது பெரும்பாலும் பேரிங்கின் குரல். திடீரென்று காது கூசும்படி உரசத் தொடங்கி, வண்டியைச் சற்றுப் பின்னோக்கி விட்டதும் மறைந்தால், டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் இடையில் சிறு கல் புகுந்திருந்தது என்று கொள்ளலாம். சாலை வேலை நடக்கும் நம் பகுதியில் இது அடிக்கடி நிகழ்வது. இதற்காகப் பேடு மாற்றிய வண்டிகளும் உண்டு.

காலையில் முதன்முறை எடுக்கும்போது கரகரவென்று ஒலித்து, நான்கைந்து முறை மிதித்தபின் அடங்கிவிடும் ஓசை பயப்பட வேண்டியதன்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று வீசும் ஊர் நம்முடையது. இரவுப் பனியும் உப்பும் சேர்ந்து டிஸ்க்கின் முகத்தில் மெல்லிய துருவைப் படரவிடுகின்றன. பேடு அதை வழித்தெறிகிறது. இரண்டு நாள் விடுமுறைக்குப் பின்னர் இவ்வோசை கூடுதலாயிருப்பதும் இயல்பே. ஆனால் நண்பகலிலும் அது தொடருமானால் துருவின்மேல் பழி போடக்கூடாது.

கிறீச்சென்ற மெல்லிய உச்சக் குரல் வேறு வகை. இது பேடு டிஸ்க்கின்மீது ஒட்டியும் வழுக்கியும் அதிர்வதால் எழுவது. வீணையின் நரம்பு அதிர்வது போன்றதே. பேட்டின் முகம் சூட்டில் பளபளத்து இறுகிப்போனாலும், தூசி சேர்ந்தாலும், பேட்டின் முதுகிலிருக்க வேண்டிய மெல்லிய தகடு போன சர்வீசில் தவறவிடப்பட்டாலும் இது வரும். தொல்லைதான், உடனடி அபாயமன்று. ஆயினும் இதே குரலில் எச்சரிக்கை ஒன்றும் ஒளிந்திருக்கிறது. சில பேடுகளில் சிறு எஃகு நாக்கு ஒன்றை வேண்டுமென்றே பொருத்தியிருப்பார்கள். லைனிங் தேய்ந்து மெலிந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். எல்லாப் பேடுகளிலும் அது இருப்பதில்லை என்பதனால், கீச்சொலி இல்லாததைக் கொண்டு லைனிங் மிச்சமிருக்கிறது என்று முடிவு கட்டலாகாது. இரண்டையும் பிரித்தறியச் செவி போதாது. சக்கரத்தைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதொன்றே வழி.

கறகறவென்று கல்லை அரைப்பது போன்ற தாழ்ந்த ஓசை, மிதிக்குந்தோறும் தவறாமல் வருவது, மிதியில் காலுக்கும் நடுக்கம் தெரிவது: இதைக் கேட்டால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். மறு பேச்சில்லை. லைனிங் முழுதும் தேய்ந்து பேட்டின் இரும்பு முதுகு டிஸ்க்கை உழுகிறது என்பது இதன் பொருள். இன்னும் ஒரு நடை என்று ஓட்டினால் பேடு மட்டும் மாற்ற வேண்டிய இடத்தில் டிஸ்க்கும் போகும். அது செலவுக் கணக்கு. காலிபரின் பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே தள்ளப்பட்டு, பிரேக் ஆயில் ஒழுகி, மிதித்த கால் தரையைத் தொடும் நிலையும் வரலாம். அது உயிர்க் கணக்கு. பட்டறைக்கும் ஓட்டிச் செல்லாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைப்பதே முறை. அந்த அரை மைலில்தான் பள்ளிக்கூட வாசல் இருக்கும்.

முன்னோக்கிப் போய்ப் பின் ரிவர்ஸ் எடுத்து முதல் முறை மிதிக்கும்போது மட்டும் ஒரு டக் கேட்டால் பேடு தன் இருப்பில் நகர்கிறது. இலேசாயிருந்தால் குற்றமில்லை, வலுத்தால் காலிபர் பின்னும், பேட்டைப் பிடிக்கும் கம்பிகளும் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். மிதிக்கும்போது தட் தட்டென்று சக்கரத்தின் சுழற்சிக்கு ஏற்ப ஓசை வந்து, ஸ்டீயரிங்கும் ஆடினால் முன் டிஸ்க்கின் கனம் சீராயில்லை. ஸ்டீயரிங் ஆடாமல் இருக்கை மட்டும் அதிர்ந்தால் பின் டிரம் வட்டம் கெட்டிருக்கக்கூடும். மிதிக்குங்கால் காலடியில் உஸ்ஸென்ற சீறல் தொடர்ந்து வந்து மிதியும் கல்லாகிவிட்டால் பிரேக்குக்கு வலுச் சேர்க்கும் பூஸ்டரில் காற்று கசிகிறது எனலாம். இதற்கு எளிய சோதனை உண்டு: எஞ்சினை நிறுத்தி, மிதி இறுகும் வரை பல முறை மிதித்து, காலை அழுத்தியபடியே எஞ்சினை ஓடவிட்டால் மிதி சிறிது தாழ வேண்டும். தாழாவிட்டால் பூஸ்டரைக் காட்டுவது அவசியம்.

பின் சக்கரத்து டிரம்மைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சுமை வண்டியின் தொல்லைகள் அங்கேதான் மறைந்திருக்கின்றன. டிஸ்க் வெளியே தெரிகிறது. டிரம்மோ மூடிய பானை. தேய்ந்த தூசியெல்லாம் உள்ளேயே தங்கி ஓசை எழுப்புகிறது. பல சிறு சுமை வண்டிகளில் சுமைக்குத் தக்கபடி பின் பிரேக்குக்குச் செல்லும் அழுத்தத்தைக் குறைக்கவும் கூட்டவும் வால்வு ஒன்று உண்டு. அதனால் காலி வண்டியில் கேளாத ஓசை சுமை ஏற்றியதும் கேட்கும். வெறும் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய், "இங்கே சத்தமே இல்லையே" என்று மெக்கானிக் சொல்லத் திரும்பி வந்தவர்கள், எவ்வளவு சுமையில் ஓசை வந்தது என்பதைச் சொல்லியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். கைப்பிரேக்கின் கேபிள் துருவேறி இறுகினால், விடுவித்த பின்னும் ஷூ டிரம்மைத் தொட்டுக்கொண்டே ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் உரசும். பத்து மைல் ஓடியபின் இறங்கி, நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுசென்று பார்க்கலாம், தொடாமல். ஒன்று மட்டும் அனலாய்க் கொதித்துக் கருகல் வாடை வீசினால் அதில்தான் பிடிப்பு. டயரின் உட்புறச் சுவரில் ஈரக் கோடு தெரிந்தால் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. அதுவும் வண்டியை நிறுத்த வேண்டிய குறியே.

பழைய வண்டி வாங்கும் அங்கத்தினருக்கு ஓர் எச்சரிக்கை. நம் வட்டாரத்தில் விலைக்கு வரும் வண்டிகளிற் பல மீன் ஏற்றியவை. மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் நீர் உப்பு நீர். அது ஆண்டுக்கணக்கில் பின் டிரம்மின் முதுகுத் தகட்டிலும், அடியில் செல்லும் இரும்பு பிரேக் குழாயிலும் வடிந்திருக்கும். மேலே புதுப் பெயிண்ட் பளபளக்கும். அடியில் படுத்து டார்ச் விளக்கால் அக்குழாயைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கலாகாது. வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும் இதுவே விதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய்க் கழிவு வெள்ளத்தில் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியதை நாம் மறக்கவில்லை. வெறும் நீரில் நனைந்த லைனிங் உலர்ந்தால் தேறிவிடும்; எண்ணெய் குடித்த லைனிங் தேறாது. அது சில சமயம் வழுக்கும், சில சமயம் வெடுக்கென்று கவ்வும். அத்தகைய நீரில் நின்ற வண்டியின் நான்கு சக்கரங்களையும் திறந்து பார்க்காமல் சாலையில் இறக்குவது தகாது.

இனிக் கண்ணால் பார்க்கும் முறை. சமதரையில் வண்டியை நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, நட்டுகளைத் தரையிலிருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, பின்னரே ஜாக்கியால் தூக்க வேண்டும். பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கக் கைப்பிரேக்கை விடுவித்து, கியரையும் விலக்க வேண்டியிருப்பதால் முன் சக்கரக் கட்டைகள் மிக முக்கியம். தூக்கியபின் இரும்பு ஸ்டாண்டின்மீது வண்டியை இறக்கி வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ அடியில் கை நீட்டுவது தற்கொலைக்கு ஒப்பானது. செங்கல் சொல்லாமல் உடையும். காலிபரின் திறப்பு வழியே பார்த்தால் பேட்டின் கனம் தெரியும். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். லைனிங் அவ்வளவுக்கு வந்துவிட்டால் மாற்றும் காலம் வந்தது. வெளிப்பேட்டை மட்டும் பார்த்துத் திருப்தியடையக்கூடாது. காலிபர் பின் இறுகினால் உட்பேடு முற்றும் தேய்ந்திருக்க வெளிப்பேடு புதிதுபோல் நிற்கும். ஒரு சக்கரத்தில் மாற்றினால் அதே அச்சின் மறு சக்கரத்திலும் மாற்றுவது முறை. இல்லாவிடில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் தூசி நுரையீரலைக் கெடுத்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். எந்த லைனிங்கானாலும் தூசியை வாயால் ஊதுவதும் காற்றடிப்பதும் கூடாது; ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே தக்கது.

ஓசையைக் கண்டறியாமல் அடக்க முயல்வோரும் நம்மிடையே இருக்கின்றனர். லைனிங்கில் ஒரு துளி எண்ணெய் விட்டால் சத்தம் நின்றுவிடும் என்று சொல்லிக்கொடுப்பவரை நாம் கேட்டிருக்கிறோம். ஆம், நிற்கும், வண்டிதான் நிற்காது. உப்புத்தாள் வைத்துப் பேட்டைத் தேய்ப்பதும் பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. பளபளத்த முகத்தை ஒரு முறை தேய்ப்பதைக் குறை கூற மாட்டோம். மாதந்தோறும் தேய்க்க வேண்டியிருந்தால் நோய் வேறிடத்தில் இருக்கிறது. பிரேக் ஆயில் குறைந்ததும் கைக்குக் கிடைத்த எஞ்சின் ஆயிலை ஊற்றுவது இவையனைத்திலும் கொடுமையானது. அது உள்ளிருக்கும் ரப்பரை ஊதச் செய்து, நான்கு சக்கரத்துப் பிரேக்கையும் ஒருங்கே பாழாக்கும். ஆயில் ஏன் குறைந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி: பேடு தேய்ந்ததாலா, ஒழுகுவதாலா?

சாமான் வாங்குவதிலும் மலிவைத் தேடி ஏமாறுவோர் உளர். 1962-இல் பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தொடங்கியது முதல் இந்நகரம் நாடெங்கும் பிரேக் அனுப்பும் ஊராக விளங்குகிறது. அப்படியிருக்க, பெயரும் பில்லும் இல்லாத பேட்டை நடைபாதையில் வாங்கிக் குட்டியானைக்கு மாட்டுவானேன்? பில் கேட்டு வாங்கினால் பாதி ஏமாற்றம் ஒழியும்.

கைப்பழக்கமுள்ள அங்கத்தினர் சிலர் நம்மோடு மாறுபடக்கூடும். பேடு மாற்றுவது பெரிய வித்தையா, அதையும் வீட்டிலேயே செய்தால் என்ன என்று கேட்பர். செய்யத் தெரிந்தவர் செய்யட்டும். ஆனால் இவ்விதழைப் படிப்பவர் எல்லோரையும் மனத்திற்கொண்டு எழுதும் நாம், கண்டறிவதோடு நிற்கும்படியே கூறுவோம். "சத்தம் வருகிறது" என்று சொல்பவரிடம் பட்டறை எதையும் விற்கலாம். "இடது பின் சக்கரம், சுமையோடு, மிதிக்கும்போது மட்டும், சூடேறியபின்" என்று சொல்பவரிடம் விற்க முடியாது. நாணயமான மெக்கானிக்கும் இத்தகைய வாடிக்கையாளரையே விரும்புவார்.

சங்கத்தின் கடமைக்கு வருகிறோம். கறகற ஓசை கேட்டும் டிரைவர் ஏன் ஓட்டுகிறார்? அறியாமையால் சிலர், பெரும்பாலோர் அச்சத்தால். நடையை விட்டால் முறை போய்விடும், அடுத்த சுமை வேறொருவருக்குப் போகும், சோம்பேறி என்ற பெயரும் வரும். இந்நிலை நீடிக்கும் வரை எத்தனை கட்டுரை எழுதினாலும் பயனில்லை. ஆகவே நிர்வாகக் குழு ஒரு விதி செய்ய வேண்டுகிறோம்: பிரேக் ஓசை காரணமாக வண்டியை நிறுத்தியவரின் சுமை அன்றைக்கு மற்றோர் அங்கத்தினர் வண்டியில் செல்க, அவருடைய முறை மட்டும் அழியாமல் நிற்க. பழுது பார்க்கச் சிறு முன்பணமும், அடுத்துவரும் வாடகையில் கழித்துக்கொள்ளும்படி, அன்றே கிடைக்க வேண்டும். கிடங்கில் நல்ல ஜாக்கி ஒன்றும், இரும்பு ஸ்டாண்டு நான்கும், டார்ச் விளக்கும் வாங்கி வைத்து இரவல் தருவது ஒரு தறிக்கு ஆகும் செலவுகூட ஆகாது. வண்டிதோறும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். ஓசை கேட்ட நாள், சுமை, சக்கரம் ஆகிய மூன்றை மட்டும் டிரைவர் அதில் குறிக்கட்டும்.

சொல்லிக்கொடுக்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்டாகிய எண்ணூர்த் தொழிற்சாலையும், 1956 முதல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் செய்த தொழிற்சாலையும் நம் பக்கத்திலேயே வளர்ந்தவை. அத்தகைய ஆலைகளில் ஆயுளெல்லாம் உழைத்து ஓய்வு பெற்ற ஃபிட்டர்கள் நம் தெருக்களிலேயே திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர். சங்கம் மரியாதையாக அழைத்தால் ஞாயிறு காலையில் வந்து, ஒரு வண்டியைத் தூக்கி வைத்து, பேடு எது, ஷூ எது, எந்த ஓசை எதிலிருந்து வருகிறது என்று காட்ட அவர்கள் மறுக்க மாட்டார்கள். டிரைவர்களோடு வீட்டாரும் வந்து கேட்கலாம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்துக்கொள்ளும். முதல் வகுப்பைப் புரட்டாசியிலேயே வைத்துக்கொண்டால், நெடுஞ்சாலையில் தண்ணீர் நிற்குமுன் வண்டிகளின் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்து முடித்துவிடலாம்.